விழுந்த ஐம்பத்தெட்டுப் பேர்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதற்குப் பிறகு நாற்பத்தொரு வருடம் கட்டடங்களுக்குச் சாரம் கட்டினேன். புத்தகம் என்றாலே எனக்குச் சந்தேகம்தான். தாளில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். தப்பாக எழுதினால் அது சரிந்து யார் தலையிலும் விழப்போவதில்லை.

நூலகத்துக்கு நான் போனது மின்விசிறிக்காக. எங்கள் வீட்டு விசிறி சுற்றுவதை நிறுத்தி இரண்டு வாரமாகியிருந்தது. அங்கே நூலகத்தம்மா ஒரு வேலை ஆரம்பித்திருந்தார். மிகப் பழைய காவியம் ஒன்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, ஆளுக்கு ஒரு பகுதியாக மேடையில் வாசிப்பது. விசிறிக்கு அடியில் சும்மா உட்கார்ந்திருந்தவன் கையிலும் ஒரு புத்தகத்தைத் திணித்துவிட்டார்.

கோட்டையை முற்றுகையிடும் கதை. ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் எழுதத் தெரியாத பாட்டுக்காரர்கள் சபை சபையாகப் போய்ப் பாடியதாம். வெகுகாலம் கழித்துத்தான் யாரோ எழுதி வைத்தார்களாம்.

“எழுதத் தெரியாதவங்க இவ்வளவு பெரிசை எப்படிம்மா ஞாபகம் வெச்சுக்கிட்டாங்க?”

“அதுக்குத்தான் ஐயா பெரிய பெரிய ஆராய்ச்சியெல்லாம் நடக்குது” என்றார்.

அவருக்கும் தெரியாது என்று புரிந்துகொண்டேன்.

யார் எதை வாசிப்பது என்று பட்டியல் போட்டவர் ஹெட்மாஸ்டர். ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகியும் குரலுக்கு மட்டும் ஓய்வு கொடுக்காதவர். ராஜாவின் புலம்பல் பகுதியைத் தனக்கே வைத்துக்கொண்டார். தோழன் ஒருவன் செத்துப்போக, ராஜா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுகிறான். இருபத்தைந்து நிமிடம். அதற்கு முந்தைய பகுதியை எல்லார் புத்தகத்திலும் பேனாவால் குறுக்கே அடித்திருந்தார்.

அடித்த பகுதியை எழுத்துக் கூட்டிப் படித்தேன். கோட்டைச் சுவரில் ஏறப்போய்ச் செத்தவர்களின் பட்டியல். மொத்தம் ஐம்பத்தெட்டுப் பேர். ஒருவன்கூட ராஜா இல்லை.

கயிறு திரிப்பவன் மூத்த மகன், கால் சற்றே விந்தி நடப்பவன்,
ஏணி பிடித்து நின்றான், மேலிருந்து கல் வந்தது,
மண்ணில் விழுந்தான், மறுபடி எழவில்லை.

இப்படியே ஒவ்வொருவனும். யார் மகன், என்ன தொழில், எது பட்டுச் செத்தான். கடைசி அடி மட்டும் எல்லோருக்கும் ஒன்று.

என் அண்ணனும் சாரக்காரன்தான். ஏழாவது மாடியிலிருந்து விழுந்தான். மறுநாள் செய்தித்தாளில், ‘கட்டுமானப் பணியில் ஒருவர் பலி’ என்று போட்டார்கள். அதற்குக் கீழே கட்டட முதலாளியின் பேட்டி, படத்தோடு. அந்த ‘ஒருவர்’ யார் மகன், யார் அண்ணன் என்று எந்தத் தாளும் கேட்கவில்லை. இந்தப் பாட்டுக்காரன் கேட்டிருக்கிறான். தாள்மேல் எனக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் மரியாதை வந்தது.

நேராக ஹெட்மாஸ்டரிடம் போனேன்.

“இதை ஏன் அடிச்சீங்க?”

“அது இடைச்செருகல், சாரக்காரரே. மூலத்துல கிடையாது. பின்னாடி வந்த எவனோ சேர்த்தது.”

“எதுக்குச் சேர்த்தான்?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நூலகத்தம்மாதான் பதில் சொன்னார். “பாட்டுக்காரங்க எந்த ஊருக்குப் போறாங்களோ, அந்த ஊர்க்காரங்களோட தாத்தா, முப்பாட்டனையெல்லாம் பட்டியல்ல சேர்த்துப் பாடுவாங்கன்னு சொல்றாங்க. அப்படியே வளர்ந்திருக்கலாம்.”

“அப்போ யாரோ கேட்டு வாங்கின வரி. அதை அடிக்க நீங்க யாரு?”

“கேக்கிறவன் தூங்கிடுவான்யா!” என்றார் ஹெட்மாஸ்டர். “அம்பத்தெட்டுத் தடவை மண்ணில் விழுந்தான், மண்ணில் விழுந்தான்னா?”

“ஒருத்தனுக்காக இருபத்தஞ்சு நிமிஷம் அழப்போறீங்க. அம்பத்தெட்டுப் பேருக்கு அரை நிமிஷம்கூடக் கிடையாதா?”

நூலகத்தம்மா குறுக்கே வந்து தீர்ப்புச் சொன்னார். பதினைந்து நிமிடம் தருவார். மணி அடித்ததும் நிறுத்திவிட வேண்டும், ஹெட்மாஸ்டர் ஆரம்பிப்பார்.

அன்றைக்கே வீட்டில் வாசித்துப் பார்த்தேன். சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே மருமகள் கைபேசியில் நேரம் பார்த்தாள்.

“நாற்பத்தொரு நிமிஷம், மாமா.”

“நீ தப்பாப் பார்த்திருப்பே.”

“நானா தப்பு? நீங்க அந்தக் கொல்லன் தம்பியைச் சாகடிக்கிறதுக்குள்ள எனக்கு ரெண்டு வெங்காயம் முடிஞ்சுபோச்சு. பேசாம பாதிப் பேரை விட்டுடுங்களேன்.”

“எந்தப் பாதியை?”

அவள் கைபேசியில் நேரத்தை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். பிறகு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

என் கண் எழுத்தைப் பிடித்து, நாக்கு அதைச் சொல்லாக்குவதற்குள் பொழுது போய்விடும். இந்த வயதில் வேகமாகப் படிக்கப் பழக முடியாது. அதனால் எழுத்தையே விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். பதினெட்டு நாள் இருந்தது. மருமகள் வேலைக்குப் போகுமுன் காலையில் நான்கு பேரைப் படித்துக்காட்டுவாள். நான் கூடத்தில் நடந்துகொண்டே பகலெல்லாம் அவர்களைச் சொல்லுவேன்.

முதல் வாரம் என் தலைக்குள் எல்லோரும் குழம்பினார்கள். தச்சன் மகன் செத்த அம்பில் மீனவன் செத்தான். ஒன்பதாம் நாள்தான் அந்தக் கடைசி அடி எதற்கு என்று உறைத்தது. சாரத்தில் குறுக்குக் கம்பை ஒரே இடைவெளியில் கட்டுவோம். கீழே பார்க்காமலே கால் அதைத் தேடிக்கொள்ளும். ‘மண்ணில் விழுந்தான், மறுபடி எழவில்லை’ என்பது குறுக்குக் கம்பு. அதில் காலை வைத்து ஒரு மூச்சு விட்டால், அடுத்தவன் தானாக மேலே தெரிகிறான். ஹெட்மாஸ்டருக்குத் தூக்கம் வரவழைக்கிற அடியில்தான் அந்த எழுதத் தெரியாதவர்கள் நின்றிருக்கிறார்கள். ஆராய்ச்சி செய்கிறவர்கள் யாராவது நாலு மாடி ஏறிப் பார்த்திருக்கலாம்.

அதன்பிறகு வேகம் பிடித்தது. சனிக்கிழமை மருமகள் சொன்னாள்: “காலையில இருந்து மூணு தடவை எல்லாரையும் கொன்னுட்டீங்க. காப்பி குடிச்சிட்டு நாலாவது தடவை கொல்லுங்க. பதினாலரை நிமிஷம், மாமா!”

ஞாயிற்றுக்கிழமை நூலகக் கூடம் நிறைந்திருந்தது. புத்தகத்தை நாற்காலியிலேயே வைத்துவிட்டு மேடையேறினேன். முதல் வரிசையில் ஹெட்மாஸ்டர் தன் புத்தகத்தைப் பிரித்து விரலால் என்னைப் பின்தொடர்ந்தார், தப்புப் பிடிக்க.

நாற்பதாவது ஆள் வரை கால் தவறவில்லை. நாற்பத்தொன்றில் வெறும் காற்று. அடுத்தவன் யாரென்று தெரியவில்லை. கூடத்தில் ஒருவர் இருமினார். ஹெட்மாஸ்டர் விரல் அந்த வரியின்மேல்தான் இருந்தது. அவர் வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. சாரத்தில் மேலே கம்பு இல்லையென்றால் தாவக் கூடாது, மூன்று கம்பு கீழே இறங்கி மறுபடி ஏற வேண்டும். முப்பத்தெட்டிலிருந்து ஆரம்பித்தேன்.

“அதை ஏற்கெனவே சொல்லியாச்சு!” என்றார் ஹெட்மாஸ்டர் உரக்க.

“இது இடைச்செருகல்” என்று சொல்லிவிட்டு மேலே போனேன். கூடம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் நாற்பத்தொன்றாவது ஆள் வந்து நின்றான், தோல் பதனிடுகிறவனின் மருமகன். அவனைச் சொன்னேன். அவன் பின்னால் மற்றவர்கள் வரிசையாக வந்தார்கள்.

ஆனால் நேரம் போய்விட்டது. ஐம்பத்துநான்காவது ஆள் விழும்போது மணி அடித்தது.

சரி என்று ஒப்புக்கொண்டவன்தான் நான். இன்னும் நான்கு பேர் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். நிறுத்தவில்லை. மணி மறுபடி அடித்தது. ஹெட்மாஸ்டர் மேடையேறி வந்து மைக்கை அணைத்தார்.

பதினோராவது மாடியிலிருந்து கீழே கலவை குழைக்கிறவனைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை இது. மைக்கை விட்டு இரண்டடி முன்னால் வந்தேன். கடைசி வரிசையில் மருமகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஐம்பத்தைந்து. ஐம்பத்தாறு. ஐம்பத்தேழாவது ஆளுக்குக் கூடத்தில் சில பேர் என்னோடு சேர்ந்து அந்த அடியைச் சொன்னார்கள். நூலகத்தம்மா மணியைக் கீழே வைத்துவிட்டார்.

கடைசி ஆள் சண்டைக்கே வந்தவனில்லை.

சோறு பொங்குகிறவன், மூன்று பெண்களுக்குத் தகப்பன்,
குடத்தோடு போனான், அம்பு அவனையும் விடவில்லை,
மண்ணில் விழுந்தான், மறுபடி எழவில்லை.

பாதிக் கூடம் சொன்னது. நான் திரும்பி ஹெட்மாஸ்டருக்கு இடம் விட்டேன்.

“இப்ப ராஜா அழலாம்” என்றேன்.