கரியப்பன் வீட்டு முறை

ஐம்பத்தேழாம் வருஷம், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததிலிருந்து ஜோதியம்மாளுக்குக் கை கால் ஓடவில்லை. பஹாய் மதத்து வகுப்பு இன்று அவள் வீட்டில். ஏழு மாதமாகக் காவேரிப்பட்டினத்தில் நிலக்காரர் நாராயணப்பன் வீட்டுக் கூடத்தில்தான் நடந்தது. பூசாரியும் கிடையாது, பிரசங்கியும் கிடையாது. ஒரே பாயில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பத்தி படித்து, புரிந்ததைச் சொல்ல வேண்டும். மனிதர் எல்லாம் ஒரே குடும்பம் என்ற பத்தியை அவள் புருஷன் கரியப்பன் எழுத்துக் கூட்டிப் படித்த அன்று, அந்த நிலக்காரர் வீட்டுத் தம்ளரில்தான் அவனுக்கும் காப்பி வந்தது. அந்தத் தைரியத்தில், "அடுத்த வாரம் எங்கூட்ல வெச்சுக்கலாங்களா ஐயா?" என்று கேட்டுவிட்டான் மனுஷன். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத்தான் நாராயணப்பன் "சரி" என்றார்.

அன்றிலிருந்து சேரியில் ஒரே கேலி. "அவங்க வந்து உங்கூட்டுத் தண்ணிய குடிக்கட்டும், அப்பறம் நாங்களும் வரோம் வகுப்புக்கு" என்றாள் எதிர்வீட்டுப் பாப்பம்மா. கரியப்பன் அதற்காகவே புதுத் தம்ளர் வாங்கிப் புளி போட்டுத் துலக்கி, பானைத் தண்ணீரை வடிகட்டி வைத்தான். ஜோதியம்மாளுக்குத்தான் பயம். தண்ணீர் மட்டும் என்றால் வாசலோடு திரும்பிவிடுவார்களோ? இளநீருக்குத் தீட்டில்லை என்பது ஊருக்கே தெரிந்த கதை. புருஷனிடம் மூச்சுவிடாமல் தம்பி ஆஞ்சப்பனைத் தோப்புக்கு அனுப்பி, நான்கு காய் இறக்கிவரச் சொல்லி மூலையில் வைத்தாள்.

வகுப்புக்கு வரும் ஊர்க்காரர் ஐந்து பேரில் நாராயணப்பனும் வெங்கடப்பனும் மட்டும் வந்தார்கள். குனிந்து நுழைந்து, பாயில் உட்கார்ந்து, படித்தார்கள். தெருவே வாசலில் நின்றது. முடிந்ததும் கரியப்பன் தண்ணீரை நீட்டினான். நாராயணப்பனுக்கு முகமெல்லாம் வியர்த்திருந்தது. கை எழுந்து தம்ளர் வரைக்கும் வந்தது. அப்போது வெங்கடப்பன், "எளநீ இருக்குதே" என்றார்.

எழுந்த கை இறங்கிவிட்டது. "அதையே வெட்டு கரியப்பா" என்றார் நாராயணப்பன்.

வாசலில் பாப்பம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கரியப்பன் பெண்சாதியை ஒரு தரம் பார்த்துவிட்டு அரிவாளை எடுத்தான்.

அவர்கள் போனபிறகு கேட்டான்: "நீதான் வாங்கி வெச்சியா?"

"வராம போயிருவாங்களோன்னு..."

"வந்துட்டாங்கல்ல ஜோதி. குடிச்சிருப்பாரு. கைய நீட்டிட்டாரு, பாத்தியில்ல?"

பார்த்தாள். அதுதான் நெஞ்சை அறுத்தது. குடித்திருப்பாரா மாட்டாரா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

கரியப்பன் அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். வெளியே தெருப்பிள்ளைகள் வெட்டிப்போட்ட காய்களைப் பிளந்து வழுக்கையை வழித்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.