நாடிக்கட்டு

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீட்டில் குடியிருந்த பட்டறைத் தொழிலாளி நாகையாவுக்கு வாய் இருந்தது, திறக்கத்தான் முடியவில்லை. 1926இல் மனைவி நல்லம்மாள் மலேரியாவில் போனாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து இலை முன் உட்கார்ந்தவனுக்குக் காதோரம் கடக்கென்றது. தாடை பூட்டிக்கொண்டது. கஞ்சித் தண்ணீரை உறிஞ்சிக் காலம் தள்ளினான்.

காரணம் அவனுக்குத் தெரியும். செத்தவளின் வாய் பிளந்துவிடாமல் நாடிக்கட்டு கட்டியவன் அவன்தான். இடுகாட்டில் வாய்க்கரிசி போடுமுன் அதை அவிழ்க்க வேண்டியவனும் அவன்தான். கொட்டுகிற மழை, குழியில் ஏறும் தண்ணீர், ஆட்களின் அவசரம். கால்கட்டை அவிழ்த்தான், நாடிக்கட்டை மறந்தான். அரிசி மூடிய உதட்டில் விழுந்து சிதறியது. மண் தள்ளிய பிறகுதான் பாவிக்கு நினைவு வந்தது. பசியோடு அனுப்பிவிட்டோமே என்று வெந்துபோனான்.

காயத்துக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் ஆஸ்பத்திரி டிரசர் ஸ்டானிஸ்லாஸ் தாடை மூட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"பேயுமில்ல, பிசாசுமில்ல. தூக்கத்துல பல்லக் கடிக்கிற, பகல்ல கூன் போட்டு அரம் பிடிக்கிற. மூட்டு இறுகிப்போச்சு. செவுத்துல தலையும் முதுகும் ஒட்டி நில்லு. மோவாய உள்ள இழு. நாக்க மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டு மெதுவா வாயத் திற. பத்துத் தடவை, மூணு வேளை."

மறுநாள் காலை நாகையா சுவரில் ஒட்டி நின்று திறந்தான். கடக். மூடினான். யாருமில்லாத பக்கத்திலிருந்து இன்னொரு கடக், சற்றுத் தாமதமாக, மெலிதாக. கூடவே ஈரத்துணி இழுபடுகிற ஓசை. நாகையா ஓடவில்லை. கட்டியவளைக் கண்டு எங்கே ஓடுவது?

அன்று முதல் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிச் செய்தான். "மெதுவா, புள்ள. நாக்க மேல ஒட்டிக்க. அவசரப்படாத." அக்கம்பக்கத்தில் அவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்றார்கள். சொன்னால் சொல்லட்டும் என்று விட்டுவிட்டான்.

இரண்டு மாதத்தில் அவன் வாயில் மூன்று விரல் நுழைந்தது. டிரசருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"போதும், விட்டுடு. போய் நல்லாச் சாப்பிடு."

நாகையா எழுந்திருக்கவில்லை.

"துணி கட்டுனபடியே வாயத் திறக்க வேற ஏதாச்சும் பயிற்சி இருக்குங்களா ஐயா? எனக்கில்ல. அவளுக்கு இன்னும் ஒரு விரக்கடைகூடத் திறக்கல."