ரெண்டு ஸ்டார் ஆனந்தன்

"தோத்துட்ட இல்ல, எழுந்திரு. மோகன் உக்காரட்டும்."

தேவராஜ் தொடையில் தட்டியதும் ஆனந்தன் சிரித்துக்கொண்டே எழுந்தான். ஜாய்ஸ்டிக்கை மோகனிடம் கொடுத்தான்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே முனிரத்தினத்தின் ரீசார்ஜ் கடை. அதன் பின்னறையில் ஒரு டி.வி., ஒரு ப்ளேஸ்டேஷன், ஒரு பெஞ்ச். ஜெயித்தவன் உட்கார்ந்திருக்கலாம், தோற்றவன் எழுந்து நிற்க வேண்டும். அந்த அறைக்கு இருந்த ஒரே சட்டம் அதுதான்.

மூவரும் பத்தாவது வரை ஒரே வகுப்பு. இப்போது தேவராஜ் காஞ்சிபுரத்தில் காலேஜ். மோகன் அவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போய் அதே காலேஜ். ஆனந்தன் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினான். மில் சங்கு ஊதியதும் தவிட்டுத் தலையோடு சைக்கிளை மிதித்து வந்துவிடுவான்.

வராமல் எப்படி இருப்பது? மானாம்பதி ஏரிக்கரையோரம் ஆனந்தன் வசிக்கும் இருளர் குடியிருப்பில் பாதிப் பேருக்கு தேவராஜின் அப்பா கழனியில்தான் வேலை. அவரைக் கண்டால் ஆனந்தனின் அப்பா தோளில் கிடக்கும் துண்டைக் கையில் எடுத்துக்கொள்வார். இந்த அறையிலோ, அந்தக் கழனிக்காரர் பிள்ளையின் மூஞ்சியிலேயே எகிறி உதைக்கலாம்! உதை வாங்கியவனே, "சூப்பர்டா மச்சான்!" என்று முதுகில் ஓங்கி அறைவான். உலகத்தில் வேறெங்கே கிடைக்கும் அது?

ஆட்டத்தில் இருந்த சண்டைக்காரர்களின் பெயர்கள் இவர்கள் வாயில் நுழையவில்லை. தேவராஜ் எடுப்பது மொட்டையன். மோகனுக்குக் கரடி. ஆனந்தனுக்கு எப்போதும் ஜடைக்காரி. ஜாய்ஸ்டிக்கில் வட்டம், பெருக்கல் பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் அவள் ஜடை சாட்டையாகச் சுழலும்.

ஆனாலும் ஆனந்தன் ஒரு முறைகூட ஜெயித்ததில்லை. திரையில் எதிராளியின் உயிர்க்கோடு ஒரு நூல் மிச்சம் இருக்கும்போது ஜடைக்காரி சுருண்டு விழுந்துவிடுவாள்.

திரையில் பெயர்கள் ஆங்கிலத்தில் மூன்று மூன்று எழுத்தாக இருக்கும். தேவராஜ் பெயருக்குக் கீழே ஐந்து ஸ்டார். மோகனுக்கும் ஐந்து. ஆனந்தனுக்கு இரண்டு.

"இன்னாடா அது?" என்று ஆரம்பத்திலேயே அவன் கேட்டிருக்கிறான்.

"இன்ஸ்பெக்டர் தோள்ல பாத்திருக்க இல்ல? அந்த மாதிரிதான். ஆட ஆட ஏறும்" என்றான் தேவராஜ். மோகனும் தலையாட்டினான்.

ஆனந்தன் நம்பினான். ராத்திரி படுத்தபடி தீப்பெட்டியை ஜாய்ஸ்டிக் போலப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் பழகினான். தோற்ற நாளெல்லாம் அந்தக் கட்டைவிரலைத்தான் திட்டினான்.

அன்றைக்கு மோகன் உட்கார்ந்த மாத்திரத்தில் கரண்ட் போனது. வழக்கமாக அதோடு கடை மூடிவிடும். இவர்கள் செருப்பை மாட்டுவதற்குள் கரண்ட் திரும்பி வந்துவிட்டது. ப்ளேஸ்டேஷன் முதலிலிருந்து தொடங்கியது. பழைய பெயர்கள் எல்லாம் அழிந்து போயிருந்தன. தினமும் புதிதாகப் பெயர் போடும் வேலை ஆனந்தன் வருவதற்கு முன்பே முடிந்திருக்கும். இன்றுதான் தேவராஜ் பெயர்களை ஒவ்வொன்றாகப் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தான்.

ஆனந்தனின் பெயர் விழுந்தது. கீழே ஐந்து ஸ்டார்.

"ஏறிச்சிடா! டேய் மோகன், எனுக்கும் அஞ்சுடா!" ஆனந்தன் பெஞ்சைத் தட்டிக் குதித்தான்.

தேவராஜின் விரல் பழக்கத்தில் நகர்ந்தது. ஐந்து நான்காகியது. நான்கு மூன்றாகியது. இரண்டில் நின்றது.

ஆனந்தனின் கை பெஞ்சிலேயே நின்றுவிட்டது.

"இன்னாடா பண்ண இப்போ?"

"கரண்ட் போனா மாறிடுது. அத்த சரி பண்ணேன்."

கதவருகே ரீசார்ஜ் கார்டு எண்ணிக்கொண்டிருந்த முனிரத்தினம் தலையைத் தூக்காமலே சொன்னான். "பவர்டா அது. கம்மி பண்ணிக்கினா உன் அடி பாதிதான் ஏறும். நீ நல்லா ஆடறவன், நீயே கொறைச்சி வெச்சிக்கினு ஆடறேன்னு நெனச்சேன்."

"கேட்டுக்க. நீ நல்லா ஆடற, அதான்" என்று தேவராஜ் அதைப் பிடித்துக்கொண்டான்.

"அப்போ ஆட ஆட ஏறும்னு ஏன் சொன்ன?"

"சும்மா ஜாலிக்குடா. பேஜார் பண்ணாத, உக்காரு."

"மோகன், உனுக்குத் தெரியுமா?"

மோகன் ஜாய்ஸ்டிக் ஒயரைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். அதில் சிக்கே இல்லை.

ஆனந்தனுக்கு முதுகில் விழுந்த ஒவ்வொரு அறையும் இப்போது வேறு மாதிரி வலித்தது. "சூப்பர்டா மச்சான்!" என்றவன் எல்லாம் தெரிந்துதான் சொல்லியிருக்கிறான்.

"அஞ்சுக்கு அஞ்சு வைடா. ஆடலாம்."

"மாட்டேன்."

"ஏன்?"

"வேணாம்னா வுடேன்!"

"ஏன்னு சொல்லுடா!"

"உங்கிட்ட தோத்துட்டு நான் எழுந்து நிக்கணும், நீ உக்காந்துக்கினு இருப்பியா?"

சொன்ன பிறகுதான் தேவராஜுக்கே தான் சொன்னது காதில் விழுந்தது போலிருந்தது. முகம் கறுத்தது. பைக் சாவியை எடுத்தான்.

"ரொம்பப் பேசற. உங்கப்பன் காலையில கழனிக்கு வருவான் இல்ல, அங்க பேசிக்கிறேன்."

"வருவாரு" என்றான் ஆனந்தன். அந்த 'ரு'வைப் பல்லில் கடித்துத் துப்பினான். "அவருக்கு எத்தினி ஸ்டார் வெச்சிருக்கீங்கன்னு இப்பவே சொல்லிட்டுப் போ."

தேவராஜ் விருட்டென்று வெளியேறினான். வெளியே பைக் உறுமியது. "மோகன், வரியா இல்லியா?" என்று குரல் வந்தது.

மோகன் பாதி எழுந்தான்.

"தோக்காம எழுந்தீன்னா காலை ஒடைச்சிடுவேன். உக்காருடா!" என்று கத்தினான் ஆனந்தன்.

மோகன் உட்கார்ந்தான். பைக் தனியாகப் போனது.

ஆனந்தன் தேவராஜின் இடத்தில் உட்கார்ந்து தன் பெயரை ஐந்துக்கு ஏற்றினான். ஜடைக்காரி பாய்ந்தாள். கரடி நின்று வாங்கியது. ஜடை சுழன்றது, கரடி விழுந்தது, எழுந்தது, மறுபடி சும்மா நின்றது. ஆனந்தன் திரும்பிப் பார்த்தான். மோகனின் விரல்கள் பட்டன்மேல் வெறுமனே கிடந்தன.

இப்போது வந்த கோபத்துக்கு முன்னால் அதுவரை வந்த கோபமெல்லாம் ஒன்றுமில்லை.

"பிச்சை போடறியாடா? அவன் ரெண்டு ஸ்டார் குடுத்தான், நீ ஜெயிப்பு குடுக்கிறியா? அடிடா! திருப்பி அடிடா!"

"டேய், நான் இன்னாடா..."

"வாய மூடு, அடி!"

மோகனுக்கும் கண் சிவந்தது. அடித்தான். கரடி எகிறி வந்து ஜடைக்காரியைத் தூக்கித் தரையில் மோதியது. அப்புறம் இரண்டு பேருமே திரையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பெஞ்ச் ஆடியது. முனிரத்தினம் கார்டுகளை விட்டுவிட்டு வந்து நின்று, "முக்கோணத்த அமுக்குடா!" என்று இரண்டு பேருக்கும் கத்தினான்.

இருவர் உயிரும் ஒரு நூலுக்கு வந்தது. கரடியின் கை முந்திக்கொண்டது.

ஜடைக்காரி விழுந்தாள்.

ஆனந்தன் ஜாய்ஸ்டிக்கைப் பெஞ்சில் வைத்தான். உள்ளங்கை வியர்வையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, யாரும் தொடையில் தட்டாமல், அவனாக எழுந்தான்.

"மச்சான், சாரிடா" என்றான் மோகன்.

"நாளைக்கு வா, நீயே வந்து என் பேரைப் போடு. நான் நின்னு பாக்கறேன். இன்னைக்கு உன் மூஞ்சியப் பாத்தா நெஜமாவே அடிச்சிடுவேன்."

சைக்கிள் ஸ்டாண்டை அவன் உதைத்த சத்தம் பின்னறை வரை கேட்டது.