பதினான்காம் பயணத்தின் கைவண்டி

ஸ்வர்ணாவுக்கு நிலவைப் பற்றி லக்சனாவைவிட அதிகம் தெரியும். வகுப்பில் எல்லோருக்கும் அது தெரியும். ஆனாலும் பேர்லேண்ட் ஊர்க் கோவில் மண்டபத்தில் பேச வகுப்பு தேர்ந்தெடுத்தது லக்சனாவைத்தான். ஸ்வர்ணா மாற்றாள்.

கம்யூனிட்டி காலேஜ் மாலை வகுப்பு. பாடம், நிலவுக்கு மனிதர் போய்வந்த வரலாறு. நிலவுக்குப் போன ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்று வீரர் தயாராக இருந்தார் என்பதால், ஆசிரியர் வகுப்பிலும் அந்த வழக்கத்தை வைத்திருந்தார். பேசுபவருக்கு உடம்பு முடியாவிட்டால் மாற்றாள் பேச வேண்டும். ஸ்லைடுகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவதும் மாற்றாளின் வேலை.

நான்கு மாதத்தில் ஸ்வர்ணா நூற்றுப் பன்னிரண்டு அட்டைகளில் குறிப்பெடுத்திருந்தாள். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு நிறம். லக்சனா பேனாகூடக் கொண்டுவர மாட்டாள். ஆனால் அவள் எழுந்து நின்றாலே வகுப்பு சிரிக்கும். ஸ்வர்ணாவுக்கோ தொண்டையைச் செருமவே அரை நிமிடம் ஆகும். இது போதாதென்று, டிரைவிங் லைசன்ஸுக்கான ரோட் டெஸ்டில் இரண்டு முறை தோற்ற ஸ்வர்ணாவை வாராவாரம் ஏற்றி இறக்குவதும் லக்சனாவின் கார்தான். நன்றி சொல்லிச் சொல்லியே பொறாமை முற்றியிருந்தது.

சனிக்கிழமை கோவிலுக்குப் போகும் வழியில், ஸ்வர்ணாவின் மடியில் லேப்டாப், அதில் லக்சனாவின் ஸ்லைடுகள். ஒன்பதாவது ஸ்லைடில் அவள் கண் நின்றது. ‘அப்போலோ 14: நிலவில் ஓடிய முதல் கார்.’

கார் போனது பதினைந்தில். பதினான்கில் போனவர்கள் கைவண்டியை இழுத்துக்கொண்டு மேடேறினார்கள். மூச்சு வாங்கி, நேரம் தீர்ந்து, தேடிவந்த பள்ளத்தின் விளிம்பு பக்கத்திலேயே இருப்பது தெரியாமல் திரும்பினார்கள். ஸ்வர்ணாவுக்கு எல்லாவற்றிலும் பிடித்த பயணம் அதுதான். பச்சை அட்டை.

“எல்லாம் சரியோ?” என்றாள் லக்சனா, சாலையைப் பார்த்தபடி.

“ம். சரியாதான் இருக்கு.”

கையெழுத்துப் போட்டாள்.

மண்டபத்தில் ஒன்பதாவது ஸ்லைடு வந்தது. முன்வரிசையில் இருந்த ரிடையர்டு எஞ்சினியர் சிவராமகிருஷ்ணன் கையைத் தூக்கினார். “பதினாலுல ஏதும்மா கார்? பாவம், வண்டிய இழுத்துண்டுன்னா போனா! அங்கேயும் ஊபர் வந்துதா?”

மண்டபம் சிரித்தது. லக்சனாவைக் கேலியாகப் பார்த்துச் சிரித்த முதல் கூட்டம். ஸ்வர்ணாவுக்குத் தித்தித்தது, இரண்டு விநாடி.

“இல்லை அங்கிள்,” என்றாள் லக்சனா. “ஸ்வர்ணா செக் பண்ணினவ. அவ பிழை விடமாட்டா. ஸ்வர்ணா, நீர் சொல்லும்.”

மைக் கைமாறிக் கைமாறி வந்தது. கவனிக்கவில்லை என்று சொன்னால் போதும், எல்லோரும் நம்பிவிடுவார்கள். நம்பிவிடுவார்களே! பதினான்கைப் பற்றித் தனக்குத் தெரியாது என்று இத்தனை பேர் நினைப்பதா?

“கைவண்டிதான் அங்கிள்,” என்றாள். “எனக்குத் தெரியும். கார்ல வர்றப்பவே பார்த்தேன்.”

லக்சனா ஸ்லைடைத் திருத்திவிட்டு, மீதியைச் சிரிக்க வைக்காமல் பேசி முடித்தாள்.

பார்க்கிங்கில் கார் காத்திருந்தது. முன்சீட்டில் லக்சனாவின் பை இருந்தது; அவள் அதை எடுக்கவில்லை.

“எல்லாம் சரியோ எண்டு நான் உம்மட்டக் கேட்டனான்,” என்றாள். “இண்டைக்கு உம்மை வீட்டை கொண்டுபோய் விடுறன். வியாழக்கிழமை வகுப்புக்கு நீரே வாரும்.”

ஸ்வர்ணா பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.