பெல்ட் சாரின் கூடம்

கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தங்கவைத்துத் தயார்செய்யும் அந்த விடுதியில் முப்பத்தெட்டுப் பெண்கள் இருந்தார்கள். அவர்களைப் படிக்கவைக்கும் பொறுப்பு ஒரே ஆளிடம் இருந்தது. அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. பெல்ட் சார் என்றால்தான் தெரியும். இடுப்பில் ஒரு பெல்ட் இருக்கும், கையில் இன்னொன்று.

அவருடைய முறையில் குழப்பமே கிடையாது. ஒரு பாடத்தைப் பத்து தடவை உரக்க வாசிக்க வேண்டும். காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்திருக்கலாம். வாய் ஓய்ந்தால் முதுகில் விழும். தலை சாய்ந்தால் கழுத்தில் விழும். சனிக்கிழமைத் தேர்வில் போன வாரத்தைவிட எத்தனை மதிப்பெண் குறைகிறதோ அத்தனை அடி.

லாரி ஓட்டுநரின் மகள் அங்கே சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. சேர்க்க வந்த அன்று அப்பாவே, "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். எல்லா அப்பாக்களும் சொல்கிற பேச்சுதான். பெல்ட் சார் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

பத்து தடவை வாசித்த பாடம் வினாத்தாளைக் கண்டதும் அவளுக்கு ஆவியாகிவிடும். அந்த வரி எந்தப் பக்கத்தில், எந்த மூலையில் இருந்தது என்பதுகூடத் தெரியும். வரி மட்டும் வராது. ஒரு சனிக்கிழமை பதினோரு மதிப்பெண் குறைந்தது. ஒன்பதாவது அடிக்கு அவள் முகத்தைத் திருப்பிவிட்டாள். பெல்ட் வாயில் பட்டு மேலுதடு பிளந்தது. சமையற்கார அக்கா ஈரத்துணியை வைத்து அழுத்தி, "ஆட்டாதடி, தானா ஒட்டிக்கும்" என்றாள்.

ஒரு வாரம் வாயைத் திறக்க முடியவில்லை. உரக்க வாசிக்க முடியாதவளை என்ன செய்வதென்று பெல்ட் சாருக்கே புரியாமல், கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். அங்கே அவள் ஒரு பத்தியைப் படித்தாள், புத்தகத்தை மூடினாள், என்ன படித்தோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பாதி வரவில்லை. வராததை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடினாள். இரண்டு நாள் விட்டு அதே கேள்வியைக் கேட்டபோது பதில் தயங்கித் தயங்கி வந்தது. அந்தச் சனிக்கிழமை இருபத்து மூன்று மதிப்பெண் கூடியிருந்தது.

"பாத்தியா, வாங்கின அடி வேலை செய்யுது" என்றார் பெல்ட் சார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையல்காரரின் மகளுக்கு மட்டும் உண்மை தெரியும். பயந்த சுபாவம் அவளுக்கு. பெல்ட் சாரின் செருப்புச் சத்தம் கேட்டாலே புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். "எனக்கும் சொல்லிக் குடுடி" என்றாள்.

இருவரும் துண்டுச் சீட்டுகள் செய்தார்கள். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். தெரிந்தால் அந்தச் சீட்டு ஒரு வாரம் தூங்கலாம். தெரியாவிட்டால் மறுநாளே திரும்பி வரும். வாய் பாடத்தை முனகிக்கொண்டிருக்க, மடியில் சீட்டு கைமாறும். ஒரு மாதத்தில் மூன்று பெஞ்சுகள் அப்படித்தான் படித்தன. சனிக்கிழமைகளில் அடிச் சத்தம் குறைந்தது.

ஒரு புதன்கிழமை மதியம் தையல்காரரின் மகள் எழுந்தபோது இடுப்பில் செருகியிருந்த கட்டு அவிழ்ந்து தரையெல்லாம் சீட்டாகக் கொட்டியது.

"பிட்டா?" என்றார் பெல்ட் சார்.

"பிட்டு இல்ல சார். கேள்வி. நாங்களே கேட்டுப்போம்."

"கேள்வி கேக்கிறது என் வேலை. கையை பெஞ்சு மேல வை."

மணிக்கட்டை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, பெல்ட்டைத் திருப்பிப் பிடித்து, கொக்கி இருக்கும் பக்கத்தால் அடித்தார். மூன்றாவது அடியில் நடுவிரல் போகக் கூடாத திசையில் மடங்கியது. நான்காவது அடியில் நகம் பெயர்ந்தது. அவர் ஐந்தாவதுக்கு ஓங்கினார்.

லாரி ஓட்டுநரின் மகள் அவருடைய மர ஸ்டூலை எப்போது தூக்கினாள் என்று அவளுக்கே தெரியாது. முதல் அடி பிடரியில் விழுந்தது. இரண்டாவதில் தோளெலும்பு முறிந்தது கைக்குத் தெரிந்தது. அவர் திரும்பி, நல்ல கையால் அவள் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து நெரித்தார். அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் பெஞ்சுகள் காலியாயின. சாப்பாட்டு டப்பா, காம்பஸ், தண்ணீர்க் குடுவை, கையில் கிடைத்தது எல்லாம் இறங்கியது. அவர் விழுந்த பிறகும் யாரும் நிறுத்தவில்லை. ஒருத்தியும் வாயைத் திறக்காதது வெளியே நின்ற சமையற்கார அக்காவுக்கு இன்னும் பயமாக இருந்ததாம். மூச்சு திரும்பியதும் லாரி ஓட்டுநரின் மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், ஸ்டூலை மறுபடி எடுத்து அவர் வாயில் போட்டாள். அந்த அடிக்குத் தேவை இருக்கவில்லை. அது அவளுக்கு அப்போதே தெரியும்.

அக்கா உள்ளே பாய்ந்து அவர் மேல் குப்புற விழுந்தாள். அவள் முதுகிலும் இரண்டு விழுந்தன. "போதும்டி. இவன் செத்தா உங்க தலையிலதான் விடியும்" என்றாள்.

அவர் சாகவில்லை. தோளெலும்பும் நான்கு பற்களும் போயின. போலீஸ் வந்து கூடத்தைப் பூட்டி, பெண்களை விசாரிக்கக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனது. லாரி ஓட்டுநர் அங்கே லாரியிலேயே வந்து சேர்ந்தார். மகளின் கழுத்தில் ஐந்து விரலும் நீலமாகப் பதிந்திருந்ததைப் பார்த்தார்; பிறகு உதட்டுத் தழும்பைப் பார்த்தார்.

"முன்னாடியே ஏன்மா சொல்லல?"

"நீங்கதானே தோலை உரிக்கச் சொல்லிட்டுப் போனீங்க."

அவர் வெளியே போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தவர் அரைமணி நேரம் சாவியைத் திருப்பவில்லை.

தேர்வுக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருந்தது. தையல்காரர் தன் கடையில் துணி வெட்டும் மேசையைக் காலிசெய்து கொடுத்தார். விசாரணை முடிந்து வீடு திரும்பியவர்களில் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் ஆறு பேர் அங்கே கூடினார்கள். கை மாவுக்கட்டில் இருந்ததால் தையல்காரரின் மகள் கேள்வி மட்டும் கேட்டாள். முக்கால் மணி நேரம் படிப்பு, பத்து நிமிடம் வாசலில் நடை. இருட்டியதும் வீட்டுக்குப் போய் முழுத் தூக்கம். முதல் நான்கு நாள் அவர்களில் யாருக்கும் தூக்கம் வரவில்லை. ஐந்தாம் நாள் தையல்காரரின் மகள், பயந்த சுபாவம் என்று பேர் வாங்கியவள், தப்பாகப் பதில் சொன்னவளைப் பார்த்து, "உனக்கு ஒரு அடி பாக்கி" என்றாள். சிரிக்கலாமா என்று எல்லோரும் ஒரு கணம் யோசித்தார்கள். பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள்.

ஆறு பேரில் நான்கு பேருக்கு இடம் கிடைத்தது. தையல்காரரின் மகள் விரல் கூடிய பிறகு அடுத்த வருடம் எழுதினாள். பெல்ட் சார் மேல் ஒரு வழக்கு, பெண்கள் மேல் ஒரு வழக்கு என்று இரண்டும் ஆமை வேகத்தில் நகர்ந்தன.

கல்லூரி தொடங்கிய மூன்றாவது வாரம், நூலகத்தில் ஒருத்தி பேனா கேட்பதற்காக லாரி ஓட்டுநரின் மகளின் தோளைப் பின்னாலிருந்து தொட்டாள். முழங்கை தானாகப் போய் அந்தப் பெண்ணின் மூக்கை உடைத்தது. ரத்தம் திறந்திருந்த நோட்டில் சொட்டியது. தன் துப்பட்டாவால் அந்த மூக்கைப் பிடித்துக்கொண்டு, மருத்துவ அறைவரை அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள்.

"ஏன் அடிச்ச? நான் என்ன பண்ணினேன்?" என்றாள் அந்தப் பெண்.

"நீ ஒண்ணும் பண்ணல," என்றாள் இவள். "தலையைக் குனிஞ்சுக்கோ. ரத்தம் தொண்டைக்குப் போகக் கூடாது."