திரும்பும் தேதி

விமான நிலையக் கவுண்டரில் இருந்த பெண் அம்மாவின் பாஸ்போர்ட்டைப் புரட்டினாள்.

"ரிட்டர்ன் டிக்கெட் காட்டுங்க."

அம்மா மகனைப் பார்த்தாள். டிக்கெட் எடுத்தது அவன்தான்.

"அது அப்புறமா போட்டுக்கலாம்னு..."

"விசிட்டர் விசா சார். திரும்பி வர டிக்கெட் இல்லாம ஏத்த முடியாது. அங்க போனாலும் உள்ள விடமாட்டாங்க."

வெளிநாட்டில் இருக்கும் அவன் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. இரண்டு மாதம் ஒத்தாசைக்கு என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். பிறகு அங்கேயே இருக்கட்டும், விசாவை நீட்டிக்கொள்ளலாம் என்பது அண்ணனும் தங்கையும் போனில் பேசி முடித்தது. அதை அம்மாவிடம் யார் சொல்வது என்பது மட்டும் முடிவாகவில்லை.

பின்னால் நின்ற தொப்பைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இதுக்கா மண்டையைப் பிச்சுக்கறீங்க தம்பி? கேன்சல் பண்ணா பணம் திரும்பி வர்ற டிக்கெட்டா ஒண்ணு போடுங்க. அம்மா அங்க இறங்கினதும் கேன்சல் பண்ணிடுங்க. திரும்பி வராதவங்களுக்கு எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. என் மாமியாருக்கு நானே பண்ணேன். வீடு இப்ப சொர்க்கம்."

"எங்கம்மா திரும்பி வருவாங்க." குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. பக்கத்து வரிசை திரும்பிப் பார்த்தது.

அவன் போனை எடுத்தான். தேதியைப் போட்டான். பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட் இரண்டாவதாக இருந்தது. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தாள். போனைத் திருப்பிக்கொள்ள முடியவில்லை. இரண்டாவதை அழுத்தினான்.

"அங்க அம்மாவைத்தான் கேப்பாங்க," என்றாள் கவுண்டர் பெண். "தேதி அவங்க வாயால வரணும். தடுமாறினா உக்கார வச்சிடுவாங்க."

போர்டிங் பாஸை வாங்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார்கள்.

"எப்பத் திரும்பறீங்கன்னு கேட்டா?"

"பத்தொன்பதாம் தேதி."

"மாசமும் சொல்லணும்மா."

"நவம்பர் பத்தொன்பது."

"எதுக்குத் திரும்பணும்னு கேட்டா, வீடு இருக்குன்னு சொல்லு. எனக்குன்னு ரூம் இருக்கு, மகன் இருக்கான்னு சொல்லு. எங்க, சொல்லு பார்ப்போம்."

"எனக்குன்னு ரூம் இருக்கு. மகன் இருக்கான்." பிசகில்லாமல் சொன்னாள். பிறகு கேட்டாள்: "போன வாரம் தச்சர் வந்து கட்டிலுக்கு அளந்தாரே, அந்த ரூம்தானே?"

அலமாரிக்கு என்று அவளிடம் சொல்லியிருந்தான். தன் குழந்தைகளுக்கு அடுக்குக் கட்டில் என்று தச்சரிடம் தாழ்ந்த குரலில்தான் பேசியிருந்தான்.

அவன் தரையைப் பார்த்தான். அவளுடைய செருப்பு புதிது. அவன்தான் வாங்கிக் கொடுத்திருந்தான்.

அம்மா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"உன்னையும் கேப்பாங்கடா. எதிர்வீட்டுக்காரி கேப்பா, உன் பெரியப்பா கேப்பாரு. அம்மா எப்ப வர்றாங்கன்னு."

"ம்."

"பேத்தியை விட்டுட்டு வர மனசில்லையாம், அங்கயே இருக்கேன்னு ஒத்தைக் கால்ல நிக்கறாங்கன்னு சொல்லு. தடுமாறாதே."

"அம்மா..."

"எங்க, ஒரு தரம் சொல்லு பார்ப்போம்."

அவன் வாயைத் திறந்தான். அம்மா காத்துக்கொண்டு நின்றாள்.