ஆர்ன்டன் சாலையின் நீளம்

ஸ்கெல்பியிலிருந்து ஆர்ன்டனுக்குப் போகிற சாலை ஏழு மைல். கம்பி ஆலை மூடிய மறு வருடம் மே மாதத்திலிருந்து, வேலை இல்லாதவர்களுக்கு மட்டும் அது மாதம் அரை மைல் வீதம் நீள ஆரம்பித்தது. வேலையில் இருப்பவர்களுக்கு அதே ஏழு மைல்தான். ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போனாலும் இதில் மாற்றம் கிடையாது. பள்ளிச் சமையலறையில் வேலை பார்க்கும் பாலின், பதினான்காம் எண் பஸ்ஸில் இருபது நிமிடத்தில் ஆர்ன்டன் சந்தையில் இறங்கிவிடுவாள். அவளோடு பேசிக்கொண்டே வந்த அவள் அக்காள் புருஷன் நெவில் ஓல்ட்ராய்ட், ஏழாவது மைல் முடிகிற இடத்தில், கையில் டிக்கெட்டோடு முள்வேலி ஓரமாக நின்றுகொண்டிருப்பான். பஸ்ஸின் பின்பக்கம் வளைவில் மறைவது தெரியும். மிச்சத்தை நடக்க வேண்டும்.

நடக்காமல் இருக்க முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு, ஆர்ன்டன் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போய், வேலை தேடினேன், கிடைக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டால்தான் உதவித்தொகை. முன்பு ஸ்கெல்பியிலேயே ஒரு அலுவலகம் இருந்தது. ஆலை மூடி ஆயிரத்து நானூறு பேர் தெருவுக்கு வந்த ஆறாவது மாதம், சிக்கனம் என்று சொல்லி அதைப் பூட்டினார்கள். வேலை போன ஊரில் வேலை தேடித்தரும் அலுவலகம் தண்டச் செலவு என்று யாரோ ஒருவர் மேஜையில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அந்த யோசனைக்கு அவருக்குச் சம்பளமும் கொடுத்திருப்பார்கள்.

சாலை நீள்வதாகப் புகார் போனதும் மாவட்டத்திலிருந்து அளவைக்காரர்கள் மூன்று பேர் சக்கரம் உருட்டிக்கொண்டு வந்தார்கள். ஏழு மைல், ஓர் அடி கூடவில்லை, குறையவில்லை. அவர்கள் மூவரும் உத்தியோகஸ்தர்கள், அவர்களுக்கு எப்படிக் கூடும்? வேலை இல்லாத ஒருவனை விட்டு அளக்கச் சொல்லுங்கள் என்று ஊரார் கத்தியதில், நெவிலின் பக்கத்து வீட்டுக்காரன் கீத் சட்கிளிஃபை ஒரு நாள் கூலிக்கு எடுத்துச் சக்கரத்தைக் கொடுத்தார்கள். கூலிக்கு எடுத்த மாத்திரத்தில் அவனும் வேலையில் இருப்பவன் ஆகிவிட்டான். அவன் அளந்தபோதும் ஏழு மைல்தான் வந்தது. அறிக்கையில் அதையே ஆதாரமாகச் சேர்த்தார்கள். ஒரு நாள் வேலை பார்த்ததற்காகக் கீத்தின் அந்த வார உதவித்தொகையைப் பிடித்துக்கொண்டதை மட்டும் அறிக்கையில் சேர்க்கவில்லை.

"என் வாழ்க்கையிலேயே நான் பாத்த கடைசி வேலை இதுதான்டா நெவில். அதுலயும் எனக்கே ஆப்பு வெச்சிக்கிட்டேன்" என்று கீத் மதுக்கடையில் சொல்லிச் சிரித்தான். சிரித்து முடித்ததும் கண்ணாடிக் குவளையைச் சுவரில் அடித்து உடைத்தான். கடைக்காரர் பெருக்கி எடுத்தார்.

நெவில் இப்படிக் கோபப்படுகிற ஆள் இல்லை, அதுதான் வினையாகப் போயிற்று. கம்பி ஆலையில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தவன். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மூன்று நிமிடம் பிந்தினால் கால் மணி நேரக் கூலி போகும், அது சட்டம். ஆனால் பிந்தி வந்தவன் பஸ் வரவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேட்டில் நின்று ஒப்பாரி வைக்க மாட்டான். தொப்பியைக் கழற்றி, "தப்பு என்னோடது" என்பான். ஃபோர்மேன் தலையை ஆட்டி உள்ளே விடுவார், அன்றோடு பேச்சு முடிந்தது. காரணம் சொல்கிறவனை ஆலையில் ஒருவரும் மதித்ததில்லை. உண்மையான காரணமாக இருந்தாலும் மதித்ததில்லை.

இரண்டாம் வருடம் நவம்பர் கடைசியில் சாலை பதினாறரை மைல் ஆகியிருந்தது. முதல் பஸ் ஆறு பத்துக்கு. ஆறரைக்கு நெவில் வேலியோரம் நிற்பான், அங்கிருந்து ஒன்பதரை மைல். அன்று வழி முழுக்கப் பனி உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. இரண்டு முறை விழுந்து, முழங்கையில் ரத்தத்தோடு அவன் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது மணி ஒன்பது நாற்பத்து நாலு.

மேஜைக்கு அந்தப் பக்கம் ஜெம்மா என்ற பெண். அவனுக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அந்த வயதுகூட இருக்காது. கெட்டவள் என்று சொல்ல முடியாது. வாரத்துக்கு இத்தனை பேருடைய தொகையை நிறுத்திக் காட்ட வேண்டும் என்று அவள் தலைக்கு மேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"நாலு நிமிஷம் லேட்டு, நெவில். ஏன்னு எழுதணும். பஸ்ஸா, உடம்பு சரியில்லையா, வீட்டுல ஏதாவதா?"

பஸ் என்று சொல்லியிருந்தால் ஒரு எச்சரிக்கையோடு விட்டிருப்பார்கள். முன்னால் நின்றவன் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தான். நெவில் தொப்பியைக் கழற்றினான்.

"தப்பு என்னோடதும்மா."

"நல்லா யோசிச்சிச் சொல்லுங்க. அப்படி ஒரு கட்டம் இருக்கு. அதுல டிக் போட்டா அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"நாந்தான் லேட்டா வந்தேன். தப்பு என்னோடது."

அவள் டிக் போட்டாள். பதின்மூன்று வாரத்துக்கு உதவித்தொகை நிறுத்தம். வேண்டுமென்றே தாமதம், ஒப்புதல் வாக்குமூலம் உண்டு என்று காகிதம் வந்தது. முப்பத்து மூன்று வருடமாக ஒரு மனிதனின் மானமாக இருந்த வாக்கியத்தை எடுத்து அவன் கழுத்திலேயே சுருக்குப் போட்டார்கள்.

நெவிலின் மனைவி ப்ரெண்டா அதே ஆலையில், கம்பியை அமிலத் தொட்டியில் முக்கிக் கழுவும் பிரிவில் இருந்தவள். நுரையீரல் அங்கேயே போய்விட்டது. மருந்தை ஆவியாக்கி மூச்சுக்குழாயில் அனுப்பும் சின்ன மெஷின் ஒன்று நாளுக்கு நான்கு முறை ஓட வேண்டும். ஸ்கெல்பி வீடுகளில் கரண்டுக்கு முன்பணம் போட்டால்தான் மீட்டர் ஓடும், பணம் தீர்ந்தால் நின்றுவிடும். டிசம்பர் பாதியில் நின்றது. கீத் தன் வீட்டிலிருந்து பின்சுவர் வழியாக ஒயர் இழுத்துக் கொடுத்தான்.

"நீ அந்த வார்த்தைய ஏன்டா சொன்ன? பஸ்ஸுன்னு சொன்னா உன் பல்லு கொட்டியிருக்குமா?"

"பஸ்ஸு சரியான நேரத்துக்குத்தானே வந்துச்சு" என்றான் நெவில்.

கட்டிலிலிருந்து ப்ரெண்டா, "விடு கீத். அவரக் கட்டிக்கிட்டதே இதுக்குத்தான். இப்ப மாறச் சொன்னா எப்படி?" என்றாள். சொல்லி முடிக்க மூன்று தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. ஜனவரி பத்தொன்பதாம் தேதி கீத்தின் மீட்டரும் நின்றது. இருபத்தொன்றாம் தேதி மத்தியானம், ஆம்புலன்ஸ் தெருமுனை திரும்புவதற்குள், ப்ரெண்டா போய்விட்டாள். அலுவலகத்திலிருந்து அனுதாபக் கடிதம் வந்தது. இனித் தனி ஆள் என்பதால் தொகை குறையும் என்றும், அந்தக் குறைந்த தொகையும் மிச்சமிருக்கும் நான்கரை வாரத்துக்கு வராது என்றும் அதில் இருந்தது.

தகனக்கூடம் ஆர்ன்டனில்தான். அரை மணிக்கு ஒரு குடும்பம் என்று நேரம் கொடுப்பார்கள். ப்ரெண்டாவுக்குப் பதினொரு மணி. அலுவலகம் தவிர வேறெதற்கும் ஆர்ன்டன் போக வேலை இல்லாதவர்களிடம் காசு ஏது? ஆகவே சாவுக்குப் போகிறவனைச் சாலை என்ன செய்யும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. விட்டுவிடும் என்று நம்பினார்கள். நெவிலும் நம்பினான். முன்னால் சவ ஊர்தி, பின்னால் கறுப்புக் கார். காரில் பாலின் ஒரு பக்கம், கீத் ஒரு பக்கம், நடுவில் கீத்திடம் இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டில் நெவில். முன்கண்ணாடி வழியாகப் பெட்டியின் மேல் இருந்த வெள்ளைப் பூக்களையே பார்த்துக்கொண்டு வந்தான்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் பாலின் தகனக்கூட வாசலில் இறங்கினாள். பின் இருக்கையில் வேறு யாரும் இல்லை.

"கணவர் வரலையா?" என்று பாதிரியார் கேட்டார்.

"ரோட்ல இருக்காருங்க."

"எவ்வளவு நேரமாகும்?"

"பதினேழரை மைல் ஆயிருச்சு இப்ப. நடந்து வரணும். ரெண்டரை ஆகும்."

பதினொன்றரைக்கு அடுத்த குடும்பம் வாசலில் நின்றது. பாதிரியார் தன்னால் முடிந்தவரை மெதுவாக ஜெபித்தார், ஒரு பாட்டை இரண்டு முறை பாட வைத்தார். பதினொன்று இருபத்தெட்டுக்குத் திரையை மூடினார்கள். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் வேலையில் இருப்பவர்கள். ஜெபம் தொடங்கிய நேரத்தில் நெவிலும் கீத்தும், முடிவே இல்லாத அந்த வேலியோரம் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஐம்பத்தெட்டு வயதுக்காரன் சாவுக் கோட்டோடு தன் மனைவியின் பிணத்துக்குப் பின்னால் ஓடினான். முதல் மைலுக்கு அப்புறம் ஓட முடியவில்லை. கீத் வழி நெடுக உலகத்தில் உள்ள அத்தனை பேரையும் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டு வந்தான். நெவில் ஒரே ஒரு முறை வாயைத் திறந்தான். "இது என் தப்பு இல்ல கீத்" என்றான். ஆயுளில் முதல் தடவையாக அப்படிச் சொன்னான். கேட்க வேண்டிய ஒருவரும் அந்தச் சாலையில் இல்லை. இரண்டு நாற்பதுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் வேறு யாருக்கோ பாட்டு நடந்துகொண்டிருந்தது.

மாவட்டம் மறுபடி அளந்தது, மறுபடி ஏழு மைல் வந்தது. அடுத்த வருடம் ஆட்குறைப்பில் ஜெம்மாவுக்கும் வேலை போனது, அவளும் இப்போது அந்த வேலியோரத்தில் நடக்கிறாள். சாலை இன்று நாற்பத்தொரு மைல். ஸ்கெல்பியில் சாவு விழுந்தால், காரியம் எடுத்து நடத்துகிறவர் பெட்டிக்கு என்ன மரம் என்று கேட்பதற்கு முன், வீட்டில் கையெழுத்துப் போடுகிறவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்கிறார். அவர்களை முந்தின நாளே கிளப்பிவிடுகிறார்கள், ரொட்டியும் ஃபிளாஸ்கில் தேநீரும் கொடுத்து. முடக்குவாதக்காரர்களும் வயதானவர்களும், வீட்டில் கிடக்கும் நோயாளியைப் பார்த்து டாக்டர் கையை விரித்த அன்றே நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். மூச்சு அடங்கும்போது பக்கத்தில் இருப்பதா, எரிக்கும்போது பக்கத்தில் இருப்பதா என்பதை ஒவ்வொரு குடும்பமும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்கிறது.